பின்சீட்டில் உட்காருபவர் யார்?

நன்னிலத்திலிருந்து திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், கும்பகோணம் ஜவுளிக் கடைகளுக்கும், பேரளம், பூந்தோட்டம், குடவாசல் பக்கத்து உறவுக்காரர் வீட்டு விசேஷங்களுக்கும் போகிற எத்தனையோ குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் வண்டி. ஓட்டுகிறவரைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. பின்னால் உட்காருகிறவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர் பெரும்பாலும் சேலை கட்டிய பெண்; ஒருபக்கமாக உட்கார்ந்திருப்பார், மடியில் ஒரு பை இருக்கும். இல்லையென்றால் வேட்டி கட்டிய முதியவர். சில சமயம் நடுவில் ஒரு பிள்ளையும் உண்டு. இவர்கள் சாய்ந்துகொள்ளட்டும் என்று வண்டியின் பின்கம்பியில் பேக்ரெஸ்ட் ஒன்றைக் கட்டிக்கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கொஞ்ச நாளில் நடு முதுகு குத்துகிறது என்றும், இடுப்புக்கு மேலே அரிக்கிறது என்றும், அந்த இடமே கறுத்துவிட்டது என்றும் புகார் வருகிறது. குஷன் கடைக்காரர் இன்னும் மெத்தென்ற ஸ்பான்ஞ் வைத்துத் தருகிறார். மருந்துக் கடைக்காரர் ஒரு டியூப் தருகிறார். இரண்டும் பெரும்பாலும் வீண்செலவு. திண்டு மெத்தென்று இல்லாததால் வந்த தொல்லை இல்லை இது. வேறு யாரோ, வேறு மாதிரி உடுத்திக்கொண்டு, வேறு மாதிரி உட்காருவார் என்று நினைத்துச் செய்யப்பட்ட திண்டு என்பதால் வந்த தொல்லை.

பேக்ரெஸ்ட் என்ற உறுப்பின் பூர்வீகத்தைப் பார்த்தால் இது விளங்கும். அமெரிக்காவின் நீண்ட நெடுஞ்சாலைகளில் நாள்கணக்கில் ஓடுகிற கனத்த குரூஸர் வண்டிகளில் வளர்ந்த சாமான் அது. அங்கே பின்னால் இருப்பவர் இருபக்கமும் கால் போட்டு, தோல் ஜாக்கெட்டும் கனத்த பேன்ட்டும் அணிந்து, முகம் முன்னோக்கி நேராக உட்காருவார். நம் ஊரில் 2005-இல் வந்த பஜாஜ் அவெஞ்சர் அந்தச் சாயலைத்தான் கொண்டுவந்தது. பிறகு ஸ்கூட்டர்களுக்கும் அது இறங்கியது. டிவிஎஸ் ஜூபிடரின் கிளாசிக் பதிப்பில் 2017-இல் பின்திண்டு வந்தது; ஓசூரில் தயாராகும் ஏத்தர் ரிஸ்டா 2024-இல் குடும்ப வண்டி என்ற பெயரோடே பின்சாய்மானத்தைக் காட்டி விற்பனைக்கு வந்தது. இவை எல்லாவற்றிலும் திண்டு வண்டியின் நடுக்கோட்டில், நேர் பின்னால் நிற்கிறது. சேலை கட்டி இடப்பக்கம் கால் தொங்கவிட்டு உட்காருபவரின் முதுகு நேர் பின்னால் இருப்பதில்லை. அது வலப்பக்கத்துச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திண்டு அவருடைய இடது விலாவிலோ, இடுப்பெலும்புக்கு மேலிலோ முட்டுகிறது. சாய்மானம் என்று காசு கொடுத்து வாங்கியது அவருக்கு ஒரு முட்டுக்கட்டை.

விசித்திரம் என்னவென்றால், சட்டத்துக்குச் சேலை தெரியும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி, மோட்டார் சைக்கிள் தயாரிப்பவர் பின்னால் இருப்பவருக்கு நிலையான கைப்பிடியும் கால் வைக்க இடமும் தரவேண்டும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும் வைக்கவேண்டும் என்கிறது. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்கக்கூடாது என்ற காரணத்தையும் அந்த விதியே சொல்கிறது. நாம் சாரி கார்டு என்று அழைப்பது அதைத்தான். கைப்பிடிக்கு ஐஎஸ் 14495 என்று ஓர் இந்தியத் தரம்கூட உண்டு. ஆக, பின்னால் இருப்பவர் சேலையோ தாவணியோ உடுத்தியிருக்கலாம் என்பதை விதி எழுதியவர்கள் 35 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பேக்ரெஸ்ட் அந்த விதியில் இல்லை. அது அலங்காரச் சாமான் என்ற பட்டியலில் வந்ததால், யார் முதுகுக்கு என்ற கேள்வியை யாரும் கேட்காமலே சந்தைக்கு வந்துவிட்டது.

முதுகு வலியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் பாதிக்குத் திண்டு காரணமே இல்லை. ஓட்டுகிறவர் இரு சக்கரங்களுக்கும் இடையில் உட்காருகிறார். பின்னால் இருப்பவர் ஏறத்தாழ பின்அச்சுக்கு மேலேயே இருக்கிறார். பின்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறினால் அந்த அசைவு அவருக்கு முழுசாகப் போய்ச்சேருகிறது. அதோடு, ஓட்டுகிறவர் வேகத்தடையைப் பார்க்கிறார். கை கால்களை இறுக்கி உடம்பைத் தயார் செய்கிறார். பின்னால் இருப்பவருக்கு முன்னால் தெரிவது ஒரு சட்டையின் முதுகு மட்டும். தயாராகாத தசை அதிர்ச்சியைத் தாங்காது; அது நேரே முதுகுத்தண்டுக்குப் போகும். மனித உடல் மேலும் கீழுமான அதிர்வில் விநாடிக்கு 4 முதல் 8 முறை ஆடும் அதிர்வுக்குத்தான் மிக அதிகமாக ஆட்படும் என்பது ஐஎஸ்ஓ 2631 என்ற உலகத் தரத்தின் அடிப்படை. தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலையில் எவ்வளவு அதிர்வைத் தாங்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் வரம்பே வகுத்திருக்கிறது. டிராக்டர் ஓட்டுகிறவருக்கு அங்கே கணக்கு உண்டு. உளுந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் பின்சீட்டில் போகிறவருக்கு எங்கேயும் இல்லை.

ஆகவே திண்டைத் தொடுவதற்கு முன்னால் தொடவேண்டிய இடங்கள் இரண்டு. பின் ஷாக் அப்சார்பரின் அடியில் படிப்படியாகத் திருகக்கூடிய ஒரு வளையம் பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. ஒருவர் போனால் ஒரு படி, இருவர் போனால் இன்னொரு படி என்பது அதன் உபயோகம். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே அதிகம். டபுள்ஸ் போகிறவர்களுக்குப் பின்டயரில் காற்று எவ்வளவு இருக்கவேண்டும் என்று சங்கிலி மூடியிலோ கையேட்டிலோ தனியாகவே அச்சிட்டிருப்பார்கள். அதையும் படிக்கிறவர் குறைவு. ஸ்பிரிங் தளர்ந்து, பாரம் ஏறியதும் அடியோடு அமுங்கிவிடும் வண்டியில் எவ்வளவு உசத்தியான திண்டு வைத்தாலும், குழி வரும்போதெல்லாம் அடி விழத்தான் செய்யும். மெக்கானிக்கிடம் ஐந்து நிமிட வேலை. காசும் சொல்லும்படியாக ஆகாது.

அதற்குப் பிறகுதான் திண்டின் உயரமும் சாய்வும். முதுகுக்குச் சாய்மானம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன், முதுகெலும்பு வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தையே அளந்தவர். நிற்கும்போது 100 என்றால் சாய்மானமில்லாமல் உட்காரும்போது சுமார் 140 என்று அவர் கண்டார். 1999-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு இந்த வித்தியாசம் அவ்வளவு பெரியதில்லை என்று திருத்தியது. ஆனால் பின்னுக்குச் சாய்ந்தால் அழுத்தம் குறைகிறது என்பதில் இரண்டுக்கும் பேதமில்லை. சிக்கல், நம் கடைகளில் கிடைக்கும் திண்டு சாய்வதற்கு இடம் தருவதில்லை என்பதுதான். ஒரு சாண் உயரத்தில், செங்குத்தாக, கம்பியின் மேல் நிற்கிறது. அதன் மேல்விளிம்பு சரியாக இடுப்பு மடங்கும் இடத்தில் வருகிறது. வண்டி குதிக்கும்போது மேலுடம்பு பின்னுக்குப் போக, அந்த விளிம்பே நெம்புகோலின் தாங்குபுள்ளியாகி ஒரே கணுவில் குத்துகிறது. இதைவிடத் திண்டே இல்லாமல் இருப்பது மேல். இடுப்பு மடிப்பிலிருந்து தோள்பட்டை எலும்பின் கீழ்நுனிவரை தாங்குகிற உயரமும், மேல்பக்கம் சற்றுப் பின்னுக்குச் சரிந்த கோணமும், விளிம்பில் உருட்டலும் இருந்தால்தான் அது சாய்மானம். சீட்டின் நீளத்தை அது தின்றுவிடக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். திண்டு முன்னுக்குத் தள்ளியிருந்தால் பின்னால் இருப்பவர் ஓட்டுகிறவர்மேல் ஒட்டாமல் இருக்க முதுகை வளைத்து விறைத்துக்கொண்டே வருவார். கணவன் மனைவியாக இல்லாதபோது, மாமனாரும் மருமகளும் போகும்போது, அந்த விறைப்புக்கு மருத்துவக் காரணம் தேடவேண்டாம்.

தோலுக்கு வருவோம். இங்கேதான் மற்ற நாட்டு அனுபவம் நமக்கு உதவாமல் போகிறது. ஜாக்கெட்டும் பேன்ட்டும் அணிந்தவருக்குத் திண்டுக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு மூன்று அடுக்குத் துணி உண்டு. சேலையில், ரவிக்கை முடிந்து கொசுவம் தொடங்கும்வரை உள்ள அந்த நான்கு விரல் இடம் வெறும் தோல். முந்தானையை இழுத்துச் செருகினாலும் காற்றில் விலகிவிடும். பேக்ரெஸ்டின் ரெக்சின் சரியாக அந்த இடத்தில்தான் உரசுகிறது. அதற்குச் சற்றுக் கீழே உள்பாவாடை நாடா ஏற்கெனவே வரி வரியாக அழுத்தியிருக்கும் இடம்; நாடா இறுக்கத்தால் இடுப்பில் நிறம் மாறுவதும் புண்ணாவதும் இந்திய மருத்துவ ஏடுகளில் பலமுறை எழுதப்பட்ட விஷயம். ஏற்கெனவே நொந்த தோலின் மேல் வண்டி குதிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தேய்ப்பு. ரெக்சின் என்பது துணியின் மேல் பிவிசி பூசியது. அதற்குள் காற்றும் போகாது, வியர்வையும் போகாது. கடலுக்கு ஒரு மணி நேரத் தூரம்கூட இல்லாத இந்தப் பூமியில் வியர்வை தானாக உலர்வதே அபூர்வம். ஈரமான தோல் உலர்ந்த தோலைவிட அதிகமாக ஒட்டும், அதிகமாக இழுபடும், சீக்கிரம் உரியும். படுக்கைப் புண் பற்றிப் படிக்கிற நர்ஸ் மாணவிக்கு முதல் பாடமே அழுத்தம், இழுப்பு, ஈரம் என்ற மூன்றும் சேரக்கூடாது என்பதுதான். இந்தத் திண்டில் மூன்றும் சேர்ந்தே வருகின்றன.

டெல்டா இதற்குத் தன் பங்கையும் சேர்க்கிறது. நடவு முடிந்து வருகிற பெண்ணின் சேலை இடுப்புவரை நனைந்திருக்கும். சேற்று நீரோடு திண்டில் சாய்ந்தால் அடுத்த முறை உட்காருபவருக்கு அங்கே காய்ந்த மண் துகள் காத்திருக்கும். அறுவடைக் காலத்தில், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றிவிட்டு வருகிறவர் உடுப்பெல்லாம் நெல் சுணை. கண்ணுக்குத் தெரியாத அந்த மயிர்த்துகள்கள் ரெக்சினின் தையல் ஓரங்களில் தங்கிவிடுகின்றன. வாரக்கணக்கில் அங்கேயே இருந்து, சாய்கிறவர் தோலில் தேய்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் தையல் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி ஸ்பான்ஞ்சில் நின்றுவிடும். மேலே துடைத்துவிட்டாலும், சாய்ந்தவுடன் உள்ளிருந்து ஈரம் கசியும். பூஞ்சைக்கு இதைவிட வசதியான வீடு வேண்டியதில்லை.

இப்போது, ‘இன்னும் கொஞ்சம் ஸ்பான்ஞ் வைத்துத் தைத்தால் சரியாகிவிடும்’ என்ற கடைக்காரர் வாதத்தைப் பார்க்கலாம். மெத்தென்ற திண்டில் முதுகு ஆழமாகப் புதையும். புதைந்தால் தொடும் பரப்பு கூடும். கூடினால் காற்று படும் இடம் குறையும். ஸ்பான்ஞ் வெப்பத்தைத் தடுக்கும் பொருளும்கூட. உடல் சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். வேர்க்குருவுக்குத் தேவையானது இதுதான். மெத்தை முதல் ஐந்து நிமிடத்துக்குச் சுகம், அரை மணிக்குப் பிறகு தண்டனை. நம் பஸ், லாரி டிரைவர்கள் இதை என்றோ கண்டுபிடித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் ஒயர் பின்னிய பாயையோ, மரமணி கோத்த விரிப்பையோ முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு திருச்சிவரை ஓட்டுகிறார்கள். சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் இடையே தைக்காலில் சாலையோரம் விற்கிற பிரம்பு நாற்காலியின் நியாயமும் அதுதான்: கெட்டியாகத் தாங்கவேண்டும், இடையிடையே காற்றுப் போகவேண்டும். திண்டுக்குத் தேவை கெட்டியான, மெல்லிய ஃபோமும் அதன் மேல் கண்ணறை விட்டுப் பின்னிய தடித்த வலைத்துணியும். இன்று சீட்டுக்கு விற்கிற மெஷ் உறையை வெட்டித் திண்டுக்குத் தைத்தாலே போதும். கழற்றி அலசும்படி நாடாவோ வெல்க்ரோவோ வைத்துத் தைக்கச் சொல்லவேண்டும்.

பருத்தித் துண்டைச் சுற்றிவிட்டால் போதாதா என்றால், பாதி போதும். வெயிலில் காய்ந்த கறுப்பு ரெக்சின் சுடாமல் துண்டு காப்பாற்றும், வியர்வையையும் உறிஞ்சும். ஆனால் உறிஞ்சியதை வைத்துக்கொண்டே இருக்கும். காலையில் சுற்றியது மாலைவரை ஈரமாக இருந்தால், அது ரெக்சினைவிட மோசம். தினம் மாற்றி அலசுகிறவர்களுக்குத் துண்டு நல்லது. ஒரு மாதம் அப்படியே கிடக்கும் துண்டைச் சுற்றாமல் இருப்பதே நல்லது. முந்தானையை இரண்டாக மடித்து இடுப்பில் இறுகச் செருகுவது, நீளமான ரவிக்கை, உள்ளே ஒரு பனியன் — இவை காசில்லாத தடுப்புகள். சில்வர் போல மின்னட்டும் என்று டாஷ்போர்டு பாலிஷ் அடிப்பதை மட்டும் நிறுத்திவிடவேண்டும். அது தோலில் ஒட்டும், உட்காருபவரைச் சறுக்கவும் வைக்கும்.

ஏற்கெனவே வந்துவிட்ட அரிப்பு எல்லாம் ஒன்றில்லை என்பது முக்கியம். ரவிக்கை விளிம்பில் சிறு சிறு முத்தாக வந்து, குளிர்ந்த இடத்தில் ஓரிரு நாள் இருந்தால் அடங்கிவிடுவது வேர்க்குரு. திண்டு தேய்க்கும் இடத்தில் மட்டும் பரு போல வருவது உராய்வுப் பரு. அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் தோள்கவசத்துக்கு அடியில் வருவதைப் பார்த்து மில்ஸ், கிளிக்மன் என்ற இரு தோல் ஆய்வாளர்கள் 1975-இல் எழுதியது இதைத்தான். புதுத் திண்டு போட்ட ஓரிரு நாளில் திண்டின் அளவுக்கே சிவந்து தடித்தால் ஒவ்வாமையை நினைக்கவேண்டும். குஷன் கடைகளில் ரெக்சின் ஒட்டும் மஞ்சள் பசை வகைகளில் சேரும் பிசின், ஒவ்வாமைப் பரிசோதனைப் பட்டியல்களில் இடம்பெற்ற பொருள். துணி தடுத்துவிடும் என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. 2007 வாக்கில் பின்லாந்திலும் பிரிட்டனிலும், சீனாவில் செய்த சோபாக்களில் பூஞ்சை வராமல் இருக்க வைத்த டைமெதில் ஃபியூமரேட் என்ற ரசாயனம், உட்கார்ந்தவர் உடல் சூட்டில் ஆவியாகித் துணியையும் தாண்டித் தோலைப் புண்ணாக்கியது. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. நம் திண்டில் அது இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. புதுத் திண்டை ஒரு வாரம் நிழலில் காற்றாட வைத்துவிட்டுப் பூட்டுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை என்கிறேன். நான்காவது வகை வளையம் வளையமாக ஓரம் தடித்துப் பரவும் படர்தாமரை. இதற்குத்தான் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கூட்டுக் களிம்பு பெரிய கேடு செய்கிறது. அதில் உள்ள ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும், பூஞ்சையை உள்ளே வளர்க்கும். இந்தியாவெங்கும் மருந்துக்கு அடங்காத படர்தாமரை பரவுவதற்கு இந்தக் களிம்புகளை ஒரு காரணமாகத் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். 2018-இல் மத்திய அரசு தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்கிற கடைகள் எத்தனை என்பது ஊர் அறியும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தோல் பிரிவில் காட்டுவதே சிக்கனம்.

இருபது நிமிஷப் பயணத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்கலாம். ஒருமுறை போகிறவருக்குத் தேவையில்லைதான். பள்ளிக்கோ, கடை வேலைக்கோ, டயாலிசிஸுக்கோ வாரம் முழுக்கப் போய்வருகிறவருக்கு அது ஒவ்வொரு நாளும் அதே நான்கு விரல் இடத்தில் விழும் தேய்ப்பு. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லையே, பஸ்ஸில் போகலாமே என்பது இன்னும் வலுவான கேள்வி. பஸ் வரும் வழியில், வரும் நேரத்தில் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். முதுகுக்கும் அது நல்லது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள உள்கிராமத்துக்கு, இரவு எட்டு மணிக்கு மேல், காய்ச்சல் பிள்ளையோடு போகிறவருக்கு அந்தப் பதில் எட்டாது.

பெண்கள் இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமே என்று சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. அப்படி உட்கார்ந்தால் தொடைகளால் பிடிமானம் கிடைக்கும், பாரம் நடுவில் விழும், திண்டும் வேலை செய்யும். சுடிதார் வந்த பிறகு இளம்பெண்கள் யாரும் சொல்லாமலே மாறிவிட்டார்கள். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் சேலைதான் உடுப்பு என்று இருப்பவரை மாறச் சொல்வது வடிவமைப்பாளரின் வேலை இல்லை. அவர் எப்படி உட்காருகிறாரோ அதற்குத்தான் சாமான் செய்யவேண்டும். ஒருபக்கமாக உட்காருபவருக்குப் பேக்ரெஸ்டே வேண்டாம் என்பது என் முடிவு. அவருக்கு வேண்டியது, இரு பாதமும் தட்டையாக வைக்கும்படி சாரி கார்டோடு சேர்ந்த அகலமான லேடீஸ் ஃபுட்ரெஸ்ட். வலக்கை எட்டும் இடத்தில் உறுதியான கைப்பிடி. சறுக்காத சீட் உறை. கால் ஊன்ற இடம் கிடைத்தால் இடுப்பு தானாக நிமிரும். இருக்கும் திண்டைக் கழற்றினால் அவருக்குச் சீட்டில் இன்னும் ஒரு சாண் இடமும் கிடைக்கும்.

திண்டு தேவைப்படுகிறவர்கள் வேறு: இருபக்கமும் கால் போட்டு உட்காரும் முதியவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள், தூங்கிவிழும் பிள்ளைகள். ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளுக்குப் பாதுகாப்புக் கச்சையும் ஹெல்மெட்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகமும் வேண்டும் என்று 2022-இல் வந்த விதி சொல்கிறது. திண்டு இருப்பதால் கச்சை வேண்டாம் என்று ஆகாது. பெரியவர்களுக்குத் திண்டு விழாமல் காக்கும் சாமான் என்றால் அது நிற்கும் இடம் உறுதியாக இருக்கவேண்டாமா? வண்டியின் பின்கம்பி, கை பிடிப்பதற்காகச் செய்தது. ஓர் ஆளின் மேலுடம்பு பின்னுக்குச் சாய்ந்து, வண்டி குதிக்கும்போதெல்லாம் இழுக்கிற இழுப்பை அது தாங்கும் என்று வெல்டிங் பட்டறையில் யாரும் கணக்குப் போடுவதில்லை. கம்பியில் நேராகப் பற்றவைத்த திண்டைவிட, சீட்டுக்கு அடியில் சட்டகத்தின் போல்ட்டுகளில் இருந்தே எழும் இரட்டைத் தாங்கி பல மடங்கு பாதுகாப்பு. பற்றவைப்பு வெடித்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெயின்டைச் சுரண்டிப் பார்க்கவேண்டும். கைப்பிடிக்குத் தரம் வகுத்தவர்கள், தனியாக விற்கிற பின்திண்டுக்கும் எத்தனை கிலோ இழுப்பைத் தாங்கும், எந்தெந்த வண்டியின் கம்பிக்குப் பொருந்தும் என்பதைப் பெட்டிமேல் அச்சிடவைத்தால், குஷன் கடையில் விலை கேட்கிறவர் அதையும் சேர்த்துக் கேட்க முடியும்.